வானோடியின் நினைவும் தீவகத்தின் மௌனமும்

பெரும் போர் ஒவ்வொன்றும் ஓய்ந்த பின்னர் இருவகை நினைவுகள் எஞ்சுகின்றன. அச்சேறி நூலகங்களில் இடம்பெறும் நினைவுகள் ஒருவகை. அடுக்களையிலும் கோயில் வீதியிலும் பேசப்பட்டு, பேசியவரோடு மறைந்துபோகும் நினைவுகள் மற்றொரு வகை. முதலாவது வகை வரலாறு எனப் பெயர் பெறுகிறது. இரண்டாவது வகை பழங்கதை எனத் தள்ளப்படுகிறது. இரண்டாம் உலக யுத்தத்தைப் பொறுத்தமட்டில் இவ்வேறுபாடு மிகக் கூர்மையானது. அந்த யுத்தத்திலே குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிய இளைஞர்கள் எழுதிய நினைவு நூல்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளன. அவ்விளைஞர்களுள் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணிலிருந்து பறந்தவர்கள் என்பதையும், அவர்கள் பறந்து சென்ற திக்கிலே நமது உறவினர் வாழ்ந்தனர் என்பதையும் நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

காங்கேசன்துறை என்று பிரித்தானிய வான்படையின் ஏடுகளிற் குறிக்கப்பட்ட தளமே நாம் இன்று பலாலி என்று அழைக்கும் விமானத்தளம். அதன் ஓடுபாதைக்கு ஊர்காவற்றுறை சில நிமிடப் பறப்புத் தூரம். தீவுகளுட் கடைக்கோடியான நெடுந்தீவும் ஒரு பெரிய விமானத்துக்குக் கால்மணி நேரத் தொலைவே. பாய்த்தோணியிலும் மோட்டார் வள்ளத்திலும் காற்றையும் நீரோட்டத்தையும் நம்பிக் கரையேறும் மக்களுக்கு மிக அருகிலே, இருபது மணி நேரம் இறங்காமற் பறக்கக்கூடிய இயந்திரங்கள் நின்றன. அந்த இயந்திரங்களை ஓட்டியவரின் நினைவையும், அவற்றின் கீழே வாழ்ந்தவரின் நினைவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர் இலங்கைக்கு வந்த விதம்

1942 பெப்ருவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. பிரித்தானியப் பேரரசின் கிழக்கு வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்ததும், இலங்கை போர்முனையாயிற்று. ஏப்பிரல் 4 ஆம் நாள் கொக்கலவிலிருந்து புறப்பட்ட கற்றலைனா கடல் விமானமொன்று இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதனை ஓட்டிய கனடிய விமானி லெனாட் பேர்ச்சல் எச்சரிக்கைச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டார். யுத்தம் முடியும்வரை அவர் யப்பானியரின் கைதி. ‘இலங்கையின் இரட்சகர்’ என ஆங்கில ஏடுகள் அவரைப் போற்றின.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. பேர்ள் துறைமுகத் தாக்குதலை நடத்திய அதே பியூச்சிடா மிற்சுவோவின் தலைமையில் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகமும் விமானத்தளமும் அவற்றின் இலக்கு. ஆனால் அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டுகள் வீழ்ந்தன, நோயாளர் மாண்டனர். நான்கு நாட்கள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. தலைநகரை விட்டு மக்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறினர்.

மருத்துவமனையையும் படைக் கட்டடத்தையும் பிரித்தறிய முடியாத உயரத்திலிருந்து குண்டு வீழ்கிறது என்பதை இலங்கை மக்கள் முதன்முதலாக அறிந்தது அந்த நாளிலேதான். வீசியவன் யப்பானியனாயினும் பிரித்தானியனாயினும், அல்லது பிற்காலத்திற் கண்டதுபோல உள்நாட்டவனாயினும், உயரத்தின் இயல்பு ஒன்றே.

இதன் பின்னர் இத்தீவு முழுவதும் ஓடுபாதைகளால் நிறைந்தது. வவுனியா, சிகிரியா, மின்னேரியா, காங்கேசன்துறை எனக் காடும் வயலும் தோட்டமுமாய் இருந்த இடங்களில் விமானத்தளங்கள் எழுந்தன. 1944 இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. தற்காப்புக்காக அமைந்த தளங்கள் தாக்குதற் தளங்களாக மாறின.

லிபரேற்றர்

அமெரிக்கத் தொழிற்சாலைகள் அந்த யுத்தத்தில் 18,000 க்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்து குவித்த நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானத்தின் பெயர் லிபரேற்றர். விடுதலை அளிப்பவன் என்பது அதன் பொருள். அடிமை நாடொன்றின் மண்ணிலிருந்து, வேறொரு பேரரசு கைப்பற்றிய அடிமை நாடொன்றை மீண்டும் பழைய எசமானுக்கே பெற்றுத் தருவதற்காகப் பறந்த விமானத்துக்கு இப்பெயர் வாய்த்தது வரலாற்றின் கேலி.

160 ஆம் படையணியின் லிபரேற்றர்கள் 1943 முதல் இலங்கையிலிருந்து சுமாத்திரா, நிக்கோபார், அந்தமான் கரைகளைப் படம்பிடித்தன. 1944 இல் அப்படையணி காங்கேசன்துறையிலிருந்தும் பறந்தது. 1945 பெப்ருவரியில் 203 ஆம் படையணி காங்கேசன்துறைக்கு வந்தது. சுமாத்திராக் கரையோரமாகச் சென்ற யப்பானியச் சரக்குக் கப்பல்களைத் தாழப் பறந்து தாக்குவது அதன் முக்கிய பணி. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் 160 ஆம் படையணி மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர்வரை சென்று கடற்கண்ணிகளை இட்டுத் திரும்பியது. போக வர ஏறத்தாழ 3,500 மைல். இருபது மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்பு. பின்னர் மலாயாக் காடுகளில் யப்பானியரை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாக்களுக்கு ஆயுதமும் ஆட்களும் இறக்கும் வேலை அப்படையணிக்கு வந்தது. 1945 யூலையில் அத்தகைய பறப்பொன்று 24 மணி நேரத்தையும் தாண்டியது.

இந்த எண்களின் பின்னே உள்ள மனிதத் துன்பத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. இருபதும் இருபத்தைந்தும் வயதான இளைஞர்கள். பிரித்தானியாவின் சுரங்க ஊர்களிலிருந்தும் ஆலைத் தெருக்களிலிருந்தும், கனடாவின் கோதுமை வயல்களிலிருந்தும், அவுஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்கள். கிடுகு வேய்ந்த கொட்டில்களில் வெக்கையோடும் நுளம்போடும் காத்திருந்தவர்கள். ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் கீழே கடலைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை அறிந்தே விமானத்தில் ஏறியவர்கள். பருவமழைக் காலத்தில் முப்பதாயிரம் அடிக்கு மேலே எழும் இடிமேகங்கள் எதிரியின் பீரங்கியிலும் கொடியவை. திரும்பி வராத விமானங்களின் கதி பெரும்பாலும் கடலுக்கு மட்டுமே தெரியும். ஐரோப்பாவில் நிகழ்ந்ததை எண்ணினால் இத்தொழிலின் விலை விளங்கும்: பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தனர். போரைத் தொடக்கியவர் இவர்களல்லர். போரினால் இலாபம் கண்டவரும் இவர்களல்லர்.

ஆனால் அவர்களது நினைவு எவ்வாறு அமைந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு வானோடியிடமும் ஒரு பறப்புக் குறிப்பேடு இருந்தது. நாள், புறப்பட்ட நேரம், விமானத்தின் வகையும் இலக்கமும், ஓட்டியவர் பெயர், பணி, பகற் பறப்பு எத்தனை மணி, இரவுப் பறப்பு எத்தனை மணி எனக் கோடிட்ட நிரல்கள். குண்டுவீச்சின் பயனை எழுத ஒரு நிரல். ஓய்வுபெற்ற முதுமையில் நினைவு நூல் எழுத அமர்ந்தவர்களின் மேசையிலே இந்தக் குறிப்பேடு இருந்தது. அந்த நிரல்களே அவர்களது நினைவுக்கும் சட்டகமாயின. பணி, மணி, பயன் ஆகிய மூன்றும் துல்லியமாக நினைவில் நின்றன. கீழே இருந்த மனிதருக்கு அந்த ஏட்டில் நிரல் இல்லை. ஆகவே பெரும்பாலான நூல்களிலும் அவர்களுக்கு இடமில்லை. இதை நாம் பொய் என்று சொல்லவில்லை. அது ஓர் உயரத்திலிருந்து தெரிந்த உண்மை.

கீழே இருந்தவர்கள்

அந்த நிரலிலே இடம்பெறாதவர்கள் யார்? முதலில் நமது தீவகத்தைப் பார்ப்போம்.

யுத்தத்துக்கு முன்னர் இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி இறக்குமதியானது. அதிலும் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. பர்மாவை யப்பானியர் கைப்பற்றியதும் அந்த வழி ஒரேயடியாக அடைபட்டது. அரிசிப் பங்கீடும் கூப்பன் புத்தகமும் அன்றாட வாழ்வின் அங்கமாயின. வயல் உள்ளவன் ஓரளவு தப்பலாம். ஊர்காவற்றுறையும் நயினாதீவும் நெடுந்தீவும் வயலை நம்பி வாழ்ந்த ஊர்களல்ல. நெடுந்தீவின் மண் சுண்ணாம்புக் கல்லின் மேற் படிந்த மெல்லிய படலம். முருகைக் கல்லை அடுக்கி வேலி கட்டி, அதனுள்ளே மழையை நம்பிப் பயிரிட்ட மக்கள் அவர்கள். பனையும் கடலும் வெளியூர்ச் சம்பாத்தியமுமே தீவகத்தின் மூன்று தூண்கள். ஊர்காவற்றுறைத் துறைமுகம் தென்னிந்தியக் கரையோடு பாய்க்கப்பல் வாணிபம் நடத்திய பழந்துறை. யுத்தத்திலே கடலும் அச்சத்துக்குரிய இடமாயிற்று. ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் பஞ்சகாலத்து உணவாக மீண்டும் முன்வந்தன. இதே பர்மா வீழ்ச்சியைத் தொடர்ந்து, தோணிகளையும் நெல்லையும் எதிரிக்குக் கிடைக்காமற் செய்கிறோம் என்ற பெயரில் ஏழைகளிடமிருந்து அரசு பறித்த வங்காளத்திலே, 1943 இல் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் பஞ்சத்தில் மடிந்தனர். இலங்கை அந்த அளவுக்குச் செல்லவில்லை. ஆனால் இரு துன்பங்களின் வேரும் ஒன்றே: மக்களின் உணவை அவர்களது மண்ணிலே விளைவியாமற் பேரரசின் சந்தைக்கு அடகு வைத்த பொருளாதாரம்.

மூன்றாவது தூணாகிய வெளியூர்ச் சம்பாத்தியத்துக்கு நேர்ந்த கதி இன்னும் கொடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குச் சென்றனர். புகையிரதப் பகுதி, பொதுவேலைப் பகுதி, அஞ்சற் பகுதி, தோட்டக் கந்தோர் ஆகிய எங்கும் அவர்கள் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் பணிபுரிந்தனர். காரைநகரிலிருந்தும் ஏனைய தீவுகளிலிருந்தும் சென்றவர் பலர். மலாயாக் காசினாற் கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருத்தப்பட்டன, பிள்ளைகள் ஆங்கிலக் கல்லூரிகளிற் படித்தனர், பெண்களுக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது. ‘மலாயாப் பென்சனியர்’ என்ற சொல் யாழ்ப்பாணச் சமூகத்தின் ஒரு படிநிலையையே குறித்தது. 

1942 பெப்ருவரி 15 உடன் இந்த நாடி நின்றது. காசுக்கட்டளை வரவில்லை, கடிதம் வரவில்லை. உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாமல் மூன்றரை ஆண்டுகள் மனைவியர் காத்திருந்தனர், தாய்மார் நேர்த்தி வைத்தனர். ஐயா இருக்கிறாரா, பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாத வீடுகளின் வேதனையை எந்தப் படைத்துறை ஆவணமும் பதிவு செய்யவில்லை.

இங்கேதான் இரு நினைவுகளும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. கடிதம் போகமுடியாத அந்த மூன்றரை ஆண்டுகளின் இறுதிப் பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்கே செல்லக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று: குண்டுவீச்சு விமானம். மகனுக்கு ஒரு வரி எழுத வழியற்றிருந்த தாயின் வானத்திலே, மகன் இருந்த திக்கை நோக்கி, கடற்கண்ணியும் குண்டும் சுமந்த லிபரேற்றர் சென்றது.

சயாம் ரெயில்பாதை

மலாயாவில் இருந்த தமிழருள் எழுதுவினைஞர் சிறுபான்மையினர். பெரும்பான்மையினர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற றப்பர்த் தோட்டத் தொழிலாளர். யுத்தத்தின் முழுப் பாரமும் அவர்கள் மீதே விழுந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் ரெயில்பாதையை யப்பானியர் 1943 ஒக்டோபரிற் கட்டி முடித்தனர். அதிலே வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 க்கு மேற்பட்டோர். அவர்களுள் 12,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அதே பாதையில் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். மாண்டோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது. பர்மியர், மலாயர், யாவகர் ஆகியோருடன் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழரும் இதில் அடங்குவர். வெள்ளைக் கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பேணப்படுகின்றன. அவர்களைப் பற்றி நூல்கள் உண்டு. உலகப் புகழ்பெற்ற திரைப்படமும் உண்டு. தமிழ்த் தொழிலாளியைப் பற்றித் தமிழிலே நாவலொன்று வருவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அந்தக் கடனை ஓரளவு தீர்த்தது.

அந்தப் பாதையின் பாலங்களைத் தகர்க்கும் பொறுப்பும் லிபரேற்றர்களிடமே இருந்தது. வங்காளத் தளங்களிலிருந்து அவை சென்றன. 1944 நவம்பரிற் பாலத்தருகே இருந்த கைதி முகாமிலும் குண்டுகள் வீழ்ந்து கைதிகள் இறந்தனர். விமானியின் குறிப்பேட்டிலே அது ‘பாலம்’ மட்டுமே. பாலத்தைக் கட்டியவனும், உடைந்ததை மீண்டும் கட்டுமாறு அடித்து விரட்டப்பட்டவனும் அந்தக் குறிப்பேட்டில் இல்லை.

அதே காலத்தில் மலாயாத் தமிழ் இளைஞர் பல்லாயிரவர் சுபாஸ் சந்திரபோசின் இந்திய தேசிய இராணுவத்தில் இணைந்தனர். ஈப்போவிற் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண்ணான இராசம்மா பூபாலன் பதினாறு வயதில் ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்து பர்மா சென்றார். 1945 இல் அப்படை பின்வாங்கியபோது, நேசநாட்டு விமானங்களுக்கு அஞ்சிப் பகலில் மறைந்திருந்து இரவில் நடந்தது. ஆக, யாழ்ப்பாண மண்ணின் வழிவந்த ஒரு பெண் காட்டிலே விமான இரைச்சலுக்குப் பதுங்கிய அதே மாதங்களில், யாழ்ப்பாண மண்ணிலிருந்து அதே பேரரசின் விமானங்கள் கிழக்கே பறந்துகொண்டிருந்தன. இதனை வெறும் தற்செயல் என்று ஒதுக்குவது தவறு. ஏகாதிபத்தியம் ஒரு மக்களைப் பல துறைகளிலே சிதறவைத்த பின்னர், அவர்களை எதிரெதிர் முனைகளில் நிறுத்துவது அதன் வழக்கம்.

யாருடைய யுத்தம்?

இது யாருடைய யுத்தம் என்ற கேள்வி அன்றே எழுந்தது. முழு விடுதலை கோரி 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்த யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் மண் இது. லங்கா சமசமாஜக் கட்சி இதனை ஏகாதிபத்திய யுத்தம் எனக் கண்டித்தது. 1940 இற் சிறையிடப்பட்ட அதன் தலைவர்கள் 1942 ஏப்பிரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பிச் சென்றனர். மறுபுறம், 1941 யூனில் இற்லர் சோவியத் நாட்டைத் தாக்கியதன் பின்னர், பாசிசத்தை முறியடிப்பதே முதற் கடமை எனக் கருதியோர் 1943 யூலையில் இலங்கைக் கம்யூனிஸ்டுக் கட்சியை அமைத்தனர். இரு சாராரும் மக்களை நேசித்தவர்களே. யப்பானியப் பாசிசம் விடுதலை தரவில்லை என்பதற்குச் சயாம் பாதையின் 90,000 பிணங்கள் சாட்சி. பிரித்தானிய ஆட்சியும் விடுதலைக்காகப் போரிடவில்லை என்பதற்கு வேறு சாட்சிகள் உண்டு.

முதற் சாட்சி கொக்கோஸ் தீவு. 1942 மே 8 ஆம் நாள் அங்கு காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் கிறேஷன் பெர்னாண்டோவின் தலைமையிற் கலகஞ் செய்தனர். கலகம் அடக்கப்பட்டது, ஓகஸ்டில் மூவர் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். அந்த யுத்தத்திற் பொதுநலவாயப் படைகளுக்குள்ளே கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலேறியவர்கள் இம்மூவருமே. 

இரண்டாவது சாட்சி மலாயா. இலங்கையிலிருந்து சென்ற லிபரேற்றர்கள் ஆயுதமிறக்கிக் கொடுத்த கெரில்லாக்களுட் பெரும்பான்மையினர் கம்யூனிஸ்டுகள். யப்பான் சரணடைந்து மூன்றாண்டுகள் செல்லுமுன்னர், 1948 யூனில், பிரித்தானிய அரசு மலாயாவில் அவசரகால நிலையைப் பிறப்பித்தது. நேற்றுத் தோழர், இன்று பயங்கரவாதி. அதே காடுகளின் மேல் அதே வான்படை இப்பொழுது குண்டு பொழிந்தது. தஞ்சை மண்ணிலிருந்து மலாயா சென்று, அங்கு அகில மலாயத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, 1949 மே 4 ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். லிபரேற்றரின் பெயருக்குப் பேரரசு தந்த விளக்கவுரை இதுவே.

நமது வானம்

யுத்தம் முடிந்தது. 203 ஆம் படையணி 1946 இல் நாடு திரும்பியது. 1947 டிசம்பர் 10 ஆம் நாள், ஏயர் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. குண்டு சுமந்த பாதையிலே பயணிகள் நடந்தனர். அது நல்லதொரு தொடக்கம்.

ஆனால் அந்த நல்ல காலம் நிலைக்கவில்லை. உள்நாட்டு யுத்தத்தின்போது பலாலியைச் சுற்றிய ஊர்களின் மக்கள் 1990 இல் வீடுவாசலை விட்டு வெளியேறினர். பலருக்குத் தம் காணியை மீண்டும் மிதிப்பதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. 1990, 1991 ஆண்டுகளில் தீவகத்திலே நடந்த படை நடவடிக்கைகளினால் ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் ஆளரவமற்றுப் போயின. 1995 யூலை 9 ஆம் நாள் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கொடையில் 1942 இல் நாம் கண்ட உயரத்தின் குருட்டுத்தனம், அரை நூற்றாண்டின் பின் நமது முற்றத்துக்கே வந்தது. 2019 ஒக்டோபரிற் பலாலி மீண்டும் பயணிகள் விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஒரே ஓடுபாதை, முக்கால் நூற்றாண்டுக்குள்ளே எத்தனை வேடங்கள்!

குண்டு வீசியவர் நினைவும் குண்டுக்குப் பதுங்கியவர் நினைவும் ஒருபோதும் சமமாகப் பேணப்படவில்லை என்பதை நாம் இப்பொழுது நூலறிவாக மாத்திரமன்றிப் பட்டறிவாகவும் அறிவோம். பதுங்குகுழியில் இருந்தவரிடம் குறிப்பேடு இருக்கவில்லை.

இறங்கி வந்தவர்கள்

வானோடிகளுள்ளும் உயரத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் உண்டு என்பதைச் சொல்லாது விடுவது நியாயமன்று. பிரித்தானிய விமானி லெனாட் செசயர் நூறு தாக்குதற் பறப்புக்களிற் பங்குகொண்டவர். ‘குண்டுவீச்சு விமானி’ என்ற பெயரிலேயே 1943 இல் நூல் எழுதியவர். 1945 ஓகஸ்ட் 9 ஆம் நாள் நாகசாக்கியின் மீது அணுகுண்டு வெடித்ததை வானிலிருந்து பார்த்தவர். அணுகுண்டு பற்றி அவர் கொண்டிருந்த கருத்தை நாம் ஏற்கமுடியாது. ஆயினும் 1948 முதல் தீராப் பிணியாளருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் இல்லங்களை அமைப்பதிலேயே தமது எஞ்சிய வாழ்வை அவர் செலவிட்டார். அத்தகைய இல்லங்கள் நமது நாட்டிலும் எழுந்தன.

அமெரிக்கரான ஹவாட் சின் இன்னும் ஒருபடி சென்றார். அவர் விமானத்திற் குறிபார்த்துக் குண்டு வீழ்த்துபவராக இருந்தவர். 1945 ஏப்பிரலில், யுத்தம் முடியச் சில வாரங்களே இருக்கையில், பிரான்சின் றொயான் நகர் மீது குண்டு வீசினார். பின்னர் வரலாற்றாசிரியரான அவர் அந்த நகருக்கே சென்று, ஆவணங்களைத் தேடி, தாம் வீசிய குண்டின் கீழே யார் இருந்தனர் என்று விசாரித்தார். உயரத்திலிருந்து எவரையும் காணவில்லை, எந்த ஓலத்தையும் கேட்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. தமது குறிப்பேட்டில் இல்லாத நிரலைத் தாமே வரைந்து நிரப்பிய வானோடி அவர். வானோடியின் நினைவு வரலாறாக முதிர்வது இத்தகைய தருணத்திலேதான்.

பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையினருக்கு இலண்டனில் நினைவாலயம் எழுப்ப 2012 வரை ஆயிற்று. 1939 முதல் 1945 வரையிலான குண்டுவீச்சுக்களில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் அது நினைவுகூர்கிறது. அந்த ஒரு வாசகம் அதிற் பொறிக்கப்படுவதற்கு 67 ஆண்டுகள் சென்றன.

நாம் செய்யவேண்டியது

இனி நமது கடமை யாது? வானோடிகளின் நினைவு நூல்களை வெறுத்தொதுக்குவது பயனற்றது. அவற்றைப் படிக்கவேண்டும், அவற்றிலிருந்து நாளையும் பாதையையும் பெறவேண்டும். ஆனால் மற்றப் பாதியை நாமே எழுதவேண்டும். அதனைப் பிறநாட்டார் வந்து எழுதித் தரமாட்டார்.

1942 இற் பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று தொண்ணூறு கடந்தவர். அவர்களுள் இருப்போர் மிகச் சிலர். அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. கூப்பனுக்கு என்ன கிடைத்தது? மலாயாவிலிருந்து முதற் கடிதம் எப்பொழுது வந்தது? யார் திரும்பினார், யார் திரும்பவில்லை? திரும்பியவர் என்ன சொன்னார், எதைச் சொல்ல மறுத்தார்? அவர்கள் மறைந்திருந்தால், பிள்ளைகளிடம் கேட்கலாம். வாய்மொழி போதாதெனில் காகிதங்கள் உண்டு: தகரப் பெட்டிகளிற் கிடக்கும் காசுக்கட்டளைத் துண்டுகள், மலாயா முத்திரை ஒட்டிய கடித உறைகள், பாடசாலைச் சேர்விடாப்புக்கள், தேவாலயப் பதிவேடுகள், கோயிற் கணக்குகள், நொத்தாரிசின் ஈட்டு உறுதிகள். காசு நின்ற ஆண்டுகளில் எந்தக் குடும்பம் எந்தக் காணியை ஈடு வைத்தது, யார் அதை வாங்கினார் என்பதை ஆராய்ந்தால், யுத்தத்தினால் ஏழையானவர் யார், செல்வரானவர் யார் என்பது வெளியாகும். ஒரு வகுப்பு மாணவர் ஒரு தவணையிற் செய்யக்கூடிய வேலை இது. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைத் தொடங்கினால், புலம்பெயர்ந்து வாழும் தீவக மக்களும், மலேசியாவிலே வேரூன்றிய அவர்தம் உறவினரும் தத்தம் பெட்டிகளைத் திறக்கக் கூடும்.

உள்நாட்டு யுத்தத்தின் நினைவுகளுக்கும் இதுவே பொருந்தும். அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. 1942 இன் தலைமுறையை நாம் கேளாது விட்டதுபோல, 1990 இன் தலைமுறையையும் கேளாது விடுவோமாயின், நாளை எவரேனும் ஒரு வானோடி எழுதும் நூலிலிருந்தே நமது பேரப்பிள்ளைகள் தம் ஊரின் கதையை அறியவேண்டிவரும். அந்த நூலிலே நாளும் நேரமும் இலக்கும் சரியாக இருக்கும். அவர்களுடைய பாட்டனாரின் பெயர் மட்டும் இராது.